நாஜிகளுக்குத் தைத்தவரின் லேபிள், விற்கலாமா?

கேள்வி: பழைய பிராண்டட் துணிகளை வாங்கி, துவைத்து இஸ்திரி போட்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விற்கிறேன். போன மாதம் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் பத்துப் பன்னிரண்டு உருப்படி கொடுத்தது. அதில் ஹ்யூகோ பாஸ் ப்ளேசர் ஒன்று. கையிடுக்கில் லைனிங் கொஞ்சம் விட்டிருக்கிறது, மற்றபடி புதுசு மாதிரி. நாலாயிரத்துக்கு ஆள் ரெடி. கல்லூரியில் படிக்கும் மகன், “ஹிட்லர் ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைத்த கம்பெனிம்மா, அந்தக் காசு நமக்கு வேண்டாம்” என்கிறான். இரண்டு நாளாக வீட்டில் பேச்சே இல்லை. நான் என்ன செய்வது?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் மகனைத் திட்டாதீர்கள். அவன் சொல்வது உண்மைதான்.

ஹ்யூகோ பாஸ் என்பவர் 1924-ல் ஜெர்மனியில் மெட்ஸிங்கன் என்ற சிற்றூரில் தொடங்கிய கம்பெனி அது. 1931-ல், ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, பாஸ் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்துவிட்டார். நொடித்துக் கிடந்த தொழிலைக் கட்சி ஆர்டர்கள்தான் தூக்கி நிறுத்தின. நாஜிகளின் எஸ்.எஸ். படையின் கறுப்பு உடுப்பை அவரே வடிவமைத்தார் என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு, வரைந்தது வேறு ஆட்கள், இவர் தைத்துக் கொடுத்தார். போர்க்காலத்தில் யாரை வைத்துத் தைத்தார் என்பதுதான் இன்னும் கொடுமை. கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட 140 பேர், பெரும்பாலும் பெண்கள். கூடவே 40 பிரெஞ்சுப் போர்க்கைதிகள். போருக்குப் பின் அவருக்கு அபராதம் விதித்தார்கள். 1948-ல் இறந்துவிட்டார். 2011-ல் இதையெல்லாம் ஆராய்ந்த நூல் வெளிவந்தபோது, கம்பெனியே பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது.

சரி, உங்கள் நாலாயிரத்துக்கு வருவோம். அதில் ஒரு பைசா ஜெர்மனிக்குப் போகாது. அந்தக் குடும்பம் கடையில் பில் போட்ட அன்றே கம்பெனியின் கணக்கு முடிந்துவிட்டது. “ஆனால் பெயருக்கு மவுசு கூடுமே” என்று மகன் கேட்பான். நியாயமான கேள்விதான். உங்கள் ஸ்டேட்டஸால் கூடுகிற மவுசு எவ்வளவு என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இதற்கு ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில் நெய்த காக்கி வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் போனது. 1921-ல் அங்கே மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். புளியந்தோப்பில் தொழிலாளர்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து, குடிசைகள் எரிந்தன. என் தாத்தா பிற்காலத்தில் அதே மில்லில் தறி ஓட்டியவர். அவருடைய காக்கிக் கால்சட்டை முட்டியில் நைந்ததும், பாட்டி அதை வெட்டி ரேஷன் பை தைத்தாள். அடியில் இரட்டைத் தையல். பத்துக் கிலோ அரிசி போட்டாலும் பிரியாது. பையைக் கீழே வைத்துவிட்டு, தன் அப்பாவிடம் கேட்ட துப்பாக்கிச் சூட்டுக் கதையைத் தாத்தா சொல்வார். பையையும் எறியவில்லை, கதையையும் மறைக்கவில்லை. நாஜிகள் செய்ததும் இதுவும் ஒரே தராசில் ஏறாது, அது எனக்கும் தெரியும். துணியை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்காக மட்டும் சொன்னேன்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். பிரெஞ்சு ஃபேஷன் டிசைனர் கோகோ ஷனெல், நாஜிகள் பாரிஸைப் பிடித்திருந்த 1941-ல், அவர்களுடைய யூத விரோதச் சட்டத்தைக் காட்டி, தன் வாசனைத் திரவியக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த யூத சகோதரர்களிடமிருந்து அதைப் பறிக்கப் பார்த்தார். பலிக்கவில்லை. இன்று ஷனெல் கம்பெனி முழுக்க அந்தச் சகோதரர்களின் வம்சத்திடம்தான் இருக்கிறது. இப்போது அந்த லேபிளை என்ன செய்வான்?

ஆகவே என் கருத்து: விற்கலாம். வாங்குகிறவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். “ஹிட்லர் காலத்து பிராண்ட், கெத்து” என்று அதையே விளம்பரமாக்க மட்டும் கூடாது. அப்படிக் கேட்டு வருகிற ஆளுக்கு ப்ளேசர் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மகனுக்கு அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால், பார்சல் கட்ட அவனைக் கூப்பிடாதீர்கள். அது அவன் உரிமை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, சரக்கு அசலா என்பதுதான். லேபிள் மட்டும் தைத்த டூப்ளிகேட் நம் ஊரில் எவ்வளவு புழங்குகிறது என்று ஜவுளிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? போலி மார்க் போட்ட சரக்கை விற்றால், டிரேட் மார்க் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. உள்பக்கத் துவைப்புக் குறிப்புச் சீட்டு, பட்டன், தையல் எல்லாவற்றையும் பாருங்கள். முடிந்தால் அந்தக் குடும்பத்திடம் பழைய பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அந்தக் கையிடுக்கு லைனிங். தைத்துவிட்டீர்களா என்று எழுதவில்லையே? தைக்காவிட்டால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள், விலையில் இருநூறு குறைத்து.