இதயமும் ஹார்மோன் சுரக்குமா? ரத்த அழுத்தத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

சுரக்கும். கழுத்தளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். குளிர்தான் காரணம் என்று நினைப்போம். ஆனால் வெதுவெதுப்பான நீரிலும் இது நடக்கும். கால்களிலும் வயிற்றிலும் உள்ள ரத்தத்தைத் தண்ணீரின் அழுத்தம் மார்புப் பக்கம் ஏற்றிவிடுகிறது. இதயத்தின் மேலறைகள் புடைக்கின்றன. உடம்பில் ரத்தம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அவை ஒரு ஹார்மோனை ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. அது சிறுநீரகத்தை எட்டியதும் உப்பு வெளியேறுகிறது, உப்போடு நீரும் போகிறது. (நீரைப் பிடித்துவைக்கும் வாசோபிரசின் அந்த நேரம் குறைவதற்கும் இதில் பங்கு உண்டு.)

அந்த ஹார்மோனின் பெயர் ஏ.என்.பி. (ஏட்ரியல் நாட்ரியுரெடிக் பெப்டைடு). 28 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி. மேலறைத் தசைக்குள் ஏதோ குருணைகள் இருப்பதை 1956-லேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். எதற்கு என்றுதான் புரியவில்லை. 1981-ல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்டும் உடன் வேலை செய்தவர்களும் எலியின் மேலறையை அரைத்துச் சாறெடுத்து வேறு எலிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தினார்கள். சிறுநீர் சுமார் 10 மடங்கு, அதில் போன சோடியம் 30 மடங்குக்கு மேல். ரத்த அழுத்தமும் இறங்கியது. கீழறையிலிருந்து எடுத்த சாறுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது அந்தக் கீழறைச் சாறுதான். அது இல்லாவிட்டால், எந்தத் தசைச் சாறும் இப்படித்தான் செய்யும் என்று யாரும் தள்ளிவிட்டிருக்கலாம்.

உப்பை வெளியேற்றுவதோடு ஏ.என்.பி. நிற்பதில்லை. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். அழுத்தத்தை ஏற்றும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டையும் அடக்கும்.

சரி, இப்படி ஒரு காவல் இருந்தும் பிரஷர் ஏன் வருகிறது? எதிர்ப்பக்கம் பலமானது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்தக் குழாய்களை இறுக்கி உப்பைத் தேக்கும். அது ரத்தத்தில் மட்டும் உருவாவதில்லை, இதயத் திசுவுக்குள்ளேயும் உருவாகிறது. அங்கே அது தசையைத் தடிக்கவைத்து, நார்த்திசுவைச் சேர்த்து, இதயத்தை விறைப்பாக்குகிறது. ஆக, ஒரே இதயத்துக்குள் அழுத்தத்தை இறக்குவதும் ஏற்றுவதும் உண்டாகின்றன. இன்னொரு சிக்கல், ஏ.என்.பி. முதலில் முழுமையடையாத வடிவில்தான் கிடக்கும். கோரின் என்ற நொதி அதை வெட்டினால்தான் வேலை செய்யும். கோரின் இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. உடல் பருமன் உள்ளவர்களிடம் ஏ.என்.பி. வகை ஹார்மோன்களின் அளவே குறைவாக இருக்கும்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் கைக்கு அதிகம் வருவது இதன் தம்பி பி.என்.பி. 1988-ல் பன்றியின் மூளையில் கண்டுபிடித்ததால் பெயரில் மூளை ஒட்டிக்கொண்டது (முதலில் உள்ள ‘பி’ பிரெயினைக் குறிக்கும்). ஆனால் அதை ஏராளமாகச் சுரப்பது, திணறும் இதயத்தின் கீழறைதான். மூச்சு வாங்குகிறது என்று வருபவருக்கு பி.என்.பி. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால், இதயச் செயலிழப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. ஊதாநிற மூடி போட்ட பிளாஸ்டிக் குழாயில்தான் ரத்தம் எடுப்போம். கண்ணாடிக் குழாயில் பி.என்.பி. சீக்கிரம் சிதைந்துவிடும்.

இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் சாக்குபிட்ரில் மருந்து இந்த ஹார்மோன்களைச் சிதைக்கும் நெப்ரிலைசின் நொதியைத் தடுக்கிறது. உடம்பு தானே சுரப்பதைக் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கவைக்கும் வைத்தியம் இது. அதனால் அந்த மாத்திரை எடுப்பவருக்கு பி.என்.பி. மருந்தாலேயே ஏறலாம். சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டால், மருத்துவருக்குப் போன் போட்டு, பி.என்.பி.க்குப் பதிலாக என்.டி. ப்ரோ பி.என்.பி. பார்த்துவிடலாமா என்று கேட்டுக்கொள்வேன். பி.என்.பி. உருவாகும்போது கூடவே வெட்டுப்பட்டு வரும் துண்டு அது; நெப்ரிலைசின் அதைத் தொடுவதில்லை.