பூமிக்குள் நேராக இறங்கினால் என்னென்ன அடுக்குகள் வரும்?

பூமியின் அடுக்குகள் மூன்று: மேலோடு, கவசம், கருவம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிரானைட் குவாரியின் அடியிலிருந்து இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலடியில் சாம்பல் நிறப் பாறை, அதில் மினுக்கும் காக்காப்பொன் துகள்கள். இதுதான் மேலோடு. கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 35, 40 கிலோமீட்டர் கனம். மனிதன் துளையிட்டது ரஷ்யாவின் கோலாவில் 12 கிலோமீட்டர் சொச்சம்தான்!

அப்புறம் 2,900 கிலோமீட்டர் வரை கவசம், அதாவது சூடான பாறை. அதற்கும் கீழே 5,150 கிலோமீட்டர் வரை வெளிக்கருவம். உருகிய இரும்பும் நிக்கலும் அங்கே ஓடிக்கொண்டே இருக்கின்றன. திசைகாட்டி முள் வடக்கே திரும்புவது அந்த ஓட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தால்தான். இதை நினைத்தாலே எனக்கு வியப்பு. நடுவில் உட்கருவம். 5,000 டிகிரிக்கு மேல் சூடு இருந்தும், அழுத்தத்தால் உருகாமல் கெட்டியாக இருக்கிறது.

சரி, ஏன் இப்படிப் பிரிந்தது? களிக்கு ராகியைத் தண்ணீரில் அரிக்கும்போது பதர் மிதக்கும், கல் அடியில் தங்கும். பூமி உருகிக் கிடந்த இளம் வயதிலும் அதுதான் நடந்தது: கனமான இரும்பு மையத்துக்குப் போனது, லேசான பாறை மேலே நின்றது.

மேலோட்டுக்குக் கீழே எல்லாமே எரிமலைக் குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கவசம் கெட்டிப் பாறைதான், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மெல்ல நகர்கிறது, சில இடங்களில் மட்டுமே உருகுகிறது.