மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத்தில் ஓட்டும் ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்கேஸ் பைக் ஓட்டும் முறையில் அப்படி என்ன இருக்கிறது? அத்தனை அடிபட்டும் எப்படித் திரும்பி வந்தார்?

வேலூரில் பைக் பழகியவர்கள் எல்லாருக்கும் வீட்டில் ஒரு எச்சரிக்கை கிடைத்திருக்கும்: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்." மார்க்கேஸுக்குப் பிழைப்பே முன் பிரேக்கில்தான். வளைவு கிட்டத்தில் வரும்வரை வேகத்தைக் குறைக்க மாட்டார். அப்புறம் பின் சக்கரம் தரையை விட்டு எழும்புகிற அளவுக்குப் பிடிப்பார். வண்டியைச் சாய்த்த பிறகும் பிரேக்கை முழுதாக விடுவதில்லை.

இப்படி ஓட்டினால் முன் டயர் வழுக்கத்தானே செய்யும்? வழுக்கும். மற்றவர்கள் விழுந்துவிடும் அந்த இடத்தில் இவர் முழங்காலையும் முழங்கையையும் தரையில் ஊன்றி, டயர் மேல் இருக்கும் பாரத்தைக் குறைக்கிறார். டயர் மறுபடி பிடித்துக்கொள்கிறது. இதெல்லாம் 60 டிகிரிக்கு மேல் சாய்ந்த நிலையில்! மண் தடத்தில் விடாமல் பயிற்சி எடுப்பவர் என்பதால் வண்டி வழுக்கினால் அவர் பதறுவதில்லை. இடது வளைவுகளில் இன்னும் கெட்டிக்காரர். ஜெர்மனியின் சாக்சன்ரிங் பந்தயத் தடத்தில் 13 வளைவில் 10 இடது. அங்கே அவரை வெல்வது பெரும்பாடு.

(ஏலகிரி கொண்டை ஊசி வளைவுகளில் இதை முயலும் தம்பிகளே, அங்கே மணலும் உண்டு, எதிரில் பஸ்ஸும் உண்டு. ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்குப் போங்கள்.)

2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் பந்தயத்தில் விழுந்து வலது மேற்கை எலும்பு முறிந்தது. ஆக்சிலேட்டர், முன் பிரேக் இரண்டுக்கும் அந்தக் கைதான். அறுவை முடிந்த சில நாளிலேயே வண்டியில் ஏறினார். உள்ளே வைத்த பிளேட் சேதமாகி மறுபடி அறுவை. அதைத் துணிச்சல் என்று பலர் புகழ்ந்தார்கள், எனக்கு அது வெறும் அவசரமாகத்தான் பட்டது. எலும்பு 30 டிகிரிக்கு மேல் திரும்பிய நிலையில் கூடியிருந்ததால், 2022இல் அமெரிக்காவில் இன்னொரு அறுவை, மொத்தத்தில் நான்காவது. நடுவில் இரட்டைப் பார்வைத் தொல்லை வேறு.

என்னைக் கேட்டால், அவருடைய மன உறுதி தெரிந்தது 2023 கடைசியில்தான். தான் 6 மோட்டோஜிபி பட்டம் வென்ற ஹோண்டா அணியை, ஒப்பந்தம் ஓராண்டு மிச்சம் இருக்கும்போதே விட்டுவிட்டு, கிரெசினி என்ற சிறிய அணியில் டுகாட்டி நிறுவனத்தின் முந்தைய ஆண்டு பைக்கை ஓட்டப் போனார். 2024இல் ஸ்பெயினின் அரகோனில் ஜெயித்தார், கிட்டத்தட்ட மூன்று ஆண்டுக்குப் பிறகு. 2025இல் டுகாட்டியின் சொந்த அணியில் சேர்ந்து, செப்டம்பரில் ஜப்பானின் மோட்டேகியில் 7ஆவது பட்டம். அடுத்த வாரமே இந்தோனேசியாவின் மண்டாலிகாவில் இன்னொரு வீரர் மோதி, மறுபடி அதே வலது பக்கம், இந்த முறை தோளில் அடி. மிச்சப் பந்தயங்களுக்கு வரவில்லை. இப்போது அவசரப்படவில்லை.