பழைய வீட்டில் குளிர் உள்ளே வருகிறது; ஜன்னல்களை மாற்றினால் போதுமா?

பழைய வீடு, தரையோரம் ஜில்லென்று காற்று அடிக்கிறது, குளிர்காலத்துக்குள் ஜன்னல்களை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜன்னலை இப்போதைக்கு விடுங்கள். ஏணி போட்டு முதலில் பரணுக்கு, அதாவது உட்கூரைக்கும் மேற்கூரைக்கும் நடுவே உள்ள இடத்துக்கு, ஏறுங்கள்.

சூடான காற்று மேலே ஏறி, உட்கூரையில் உள்ள சந்துகள் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். போன காற்றுக்கு ஈடாகக் கதவடியிலும் தரை விளிம்பிலும் குளிர்காற்று நுழையும். காலில் படுகிற குளிருக்குக் காரணம் பெரும்பாலும் தலைக்கு மேல்தான் இருக்கும்.

பரணில் சூட்டைத் தக்கவைக்கும் கண்ணாடியிழைப் பஞ்சு விரித்திருந்தால் அதைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள் (கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்). கறுப்புத் திட்டு தெரிந்தால் அதற்கு நேர் கீழே அநேகமாக ஓட்டை இருக்கும். இந்தப் பஞ்சு காற்றைத் தடுக்காது, வடிகட்டி அனுப்பும். அதில் தங்கிய தூசிதான் அந்தக் கறுப்பு. ஒயர் இறங்கும் துளை, குழாய் ஏறும் இடம், உட்சுவர்களின் உச்சி, பரண் மூடியின் ஓரம் எல்லாவற்றையும் பாருங்கள். பஞ்சுக்குப் பதில் மினுமினுக்கும் சரளை மாதிரித் துகள் கொட்டியிருந்தால் தொடவே வேண்டாம். அது வெர்மிகுலைட் என்ற கனிமமாக இருக்கலாம், அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம், பரிசோதித்த பிறகே மேற்கொண்டு வேலை.

6 மி.மீ. வரையான விரிசலுக்கு அக்ரிலிக் சீலன்ட் போதும், மேலே பெயின்டும் பிடிக்கும். சாதாரண சிலிக்கானில் பெயின்ட் நிற்காது. அதைவிட அகலமானால், சுமார் 25 மி.மீ. வரை, ஸ்ப்ரே ஃபோம். இன்னும் பெரிய ஓட்டையில் கெட்டி ஃபோம் பலகை வெட்டி வைத்து ஓரத்தை மட்டும் ஃபோமால் அடையுங்கள். கதவு, ஜன்னல் நிலையைச் சுற்றி அடிக்கக் குறைவாக உப்பும் ஃபோம்தான் வாங்க வேண்டும். மற்றது உப்பி நிலையையே வளைத்துவிடும், பிறகு கதவு சாத்தாது. புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் கூடவே கூடாது. அங்கே தகடு வெட்டிப் பொருத்தி, தீ தாங்கும் சீலன்ட் போடுங்கள். தீப்பிடிக்கும் எதுவும் அதிலிருந்து 5 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். 5 டிகிரிக்குக் கீழே போனால் பல சீலன்ட்கள் சரியாக ஒட்டாது, அதனால் குளிர் இறங்குமுன் முடித்துவிடுங்கள்.

அடைத்தபின்தான் பஞ்சு. இந்த வரிசை மாறினால் ஈரமான சூட்டுக்காற்று பஞ்சைக் கடந்து குளிர்ந்த கூரைப்பலகையில் வியர்த்து, பூஞ்சணம் பிடிக்கும். குளியலறைக் காற்றுக்குழாய் பரணிலேயே முடிந்தாலும் இதே கதிதான். அதை வெளியே கொண்டுபோய் விடுங்கள். கடுங்குளிர்ப் பகுதியில் 30 முதல் 40 செ.மீ. கனம் தேவை. அமுக்கித் திணித்தால் பஞ்சின் பலன் குறையும். கூரை ஓரத்துக் காற்றுவழியை மூடாமல், தடுப்பு வைத்து 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய ஒயரிங் இருந்தால் அதன்மேல் பஞ்சு போடாதீர்கள். அந்த ஒயர் சூட்டை வெளியே விட வழியில்லாமல் போகும். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கெட்டிச் செங்கல் சுவருக்கு உள்பக்கமாகக் குளிர் தடுக்கும் பலகை அடிக்க அவசரப்படாதீர்கள். வீட்டுச் சூடு படாத செங்கல் ஈரத்தோடு உறைந்து, உதிர ஆரம்பிக்கும்.

ஜன்னலில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி காய்ந்து உதிர்ந்திருந்தால் அதைப் புதுப்பித்து, சட்டங்கள் உரசும் இடத்தில் வி-பட்டை (V வடிவில் மடிந்த, சந்தை அடைக்கும் பட்டை) ஒட்டினால் பெரும்பாலான காற்று நின்றுவிடும். கதவடிக்குத் தரையைத் தொடும் ரப்பர் பட்டை. மிக முந்தைய காலத்துப் பெயின்டைச் சுரண்டாதீர்கள், ஈயம் இருக்கலாம்.

சோதிக்க, காற்றடிக்கும் நாளில் ஹீட்டர், கேஸ் எல்லாவற்றையும் அணைத்து, கதவு ஜன்னல்களைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ஊதுபத்தியை ஓரங்களில் காட்டுங்கள். புகை வளையும் இடம் ஓட்டை.

அடைப்பு வேலை முடிந்ததும், எரிபொருள் ஹீட்டர் உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டாமல் ஒரு இரவுகூடத் தூங்காதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போதும் புகைபோக்கி புகையை மேலே இழுக்கிறதா என்று விவரம் தெரிந்த ஆளை வைத்துப் பார்த்துவிடுங்கள். காற்று வர வேறு வழி இல்லாத வீட்டில் அந்தப் புகை அறைக்குள் திரும்பும்.