போட்டி இல்லாத மாதங்களில் மூத்தவர்கள் செய்ய வேண்டியவை: ஹொக்கி கேள்வி பதில்

பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்கும்வரை கழகங்களுக்கு எட்டுப் பத்து வாரம் கிடைக்கும். பாடசாலை ஹொக்கியை முடித்துவிட்டு கழகத்துக்கு வரும் பிள்ளைகளை அந்த இடைவெளியில் எப்படித் தயார்செய்வது என்று கொழும்பிலும் அதைச் சுற்றியும் பல பக்கங்களிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை, கழகத் தலைவர்: மூத்தவர்கள் ஆறு பேர், புதியவர்கள் ஒன்பது பேர். எல்லோரையும் ஒன்றாக நிறுத்தித்தான் பயிற்சி. இரண்டு மாதம் ஓடியும் புதியவர்களில் முன்னேற்றம் தெரியவில்லை. எங்கே பிழை?

ஒன்றாக நிறுத்துவதுதான் பிழை. பதினைந்து பேர் வரிசையில் நின்றால் ஒரு பிள்ளையின் மட்டையில் ஒரு மணித்தியாலத்துக்கு முப்பது தடவைகூடப் பந்து படாது. பட்ட பந்தையும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆட்களைப் பிரியுங்கள். மூன்று மூத்தவர்களுக்கு இரண்டிரண்டு பேர், மற்ற மூவருக்கு ஒவ்வொருவர். யார் யாரோடு ஒத்துப்போவார் என்று யோசிக்காதீர்கள், விளையாடும் இடத்தைப் பாருங்கள். சென்டர் ஹாஃபுக்கு (நடுகளத்தின் மத்தியில் ஆடுபவருக்கு) சென்டர் ஹாஃப்தான் சொல்லிக்கொடுக்க முடியும். பந்து வருமுன் எந்தத் தோளுக்கு மேலால் பார்க்க வேண்டும் என்பது அந்த இடத்தில் நின்றவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது, இரண்டு வாரத்துக்கு ஒரேயொரு விடயம். எட்டு வாரத்துக்கு நான்கு. அந்த நான்கையும் முதல் நாளே கொப்பியில் எழுதி, மூத்தவரும் புதியவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளட்டும். அணிப் பயிற்சி தொடங்க 25 நிமிடம் முன் இருவரும் வந்து அதை மட்டும் செய்ய வேண்டும், மூத்தவர்தான் முதலில் வந்து நிற்க வேண்டும். பருவம் தொடங்கிய பிறகு ஒரு பழக்கத்தை மாற்றப் போனால் பிள்ளை போட்டியில் தடுமாறும், அந்தத் தடுமாற்றத்துக்கு அணி கோல் கொடுக்க வேண்டிவரும். இப்போது எத்தனை தடவை பிழைவிட்டாலும் நட்டமில்லை. மூத்தவர்கள் தலைமை தாங்குவதற்கு இதைவிட நல்ல காலம் வருடத்தில் இல்லை.

வத்தளை, தடுப்பாட்டக்காரர்: எனக்குத் தந்த பையன் நன்றாக ஓடுகிறான், நன்றாக அடிக்கிறான். ஆனால் வேகமாக வரும் பந்து அவன் மட்டையில் பட்டு ஒரு மீற்றர் தள்ளிப் போய்விடுகிறது. நூறு தடவை "மெதுவாகப் பிடி" என்று சொல்லிவிட்டேன்.

"மெதுவாகப் பிடி" என்றால் அவன் இரண்டு கையையும் தளர்த்துவான், மட்டை ஆடும். சொல்ல வேண்டியது வலது கையைப் பற்றி மட்டும்தான். இடது கை மட்டையின் உச்சியில் இறுக்கமாக இருக்கட்டும். வலது கை நடுப்பகுதியில், ஒரு குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல. பந்து படும் கணத்தில் அந்த வலது கை ஐந்தாறு சென்ரிமீற்றர் பின்னால் போக வேண்டும்.

பக்கத்தில் குந்தியிருந்து அவன் கையைப் பாருங்கள். பந்து வரும்போது வலது கை விரல்மொழிகள் வெளுத்துப் போனால் இறுக்கிப் பிடிக்கிறான் என்று அர்த்தம். பிறகு மட்டையின் சாய்வைப் பாருங்கள். உச்சி சற்று முன்னால், தலைப்பகுதி சற்றுப் பின்னால் இருந்தால் பந்து மட்டைக்குக் கீழே அமரும். உச்சி உடம்புப் பக்கம் சாய்ந்தால் அதே பந்து மேலே எழும்பும், சிலவேளை முகத்துக்கும் வரும். மூன்றாவது, முழங்கால் மடிய வேண்டும். இடுப்பை மட்டும் வளைப்பவரின் மட்டை கடைசி நேரத்தில் நிலத்தை விட்டு எழும்பும்.

முதல் வாரம் 8 மீற்றர் தூரத்திலிருந்து தள்ளிக் கொடுங்கள்: இருபது பந்து, ஒரு நிமிட ஓய்வு, இப்படி ஐந்து முறை. இருபதில் பதினெட்டு மட்டையோடு நின்றால் 12 மீற்றருக்குப் போகலாம். இரண்டாம் வாரம் இன்னொருவரை அவனுக்குப் பின்னால் நிறுத்தி விரல் காட்டச் சொல்லுங்கள். பந்து உங்கள் மட்டையை விட்டுக் கிளம்புமுன் அவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். பந்தைப் பிடித்த பிறகு தலையைத் தூக்கித் தேடுகிறவர் எந்த அணியிலும் பந்தை இழப்பார். இந்தப் பழக்கத்தைப் பின்னேர வெயிலில் நின்று பொறுமையாக ஊட்டுவதற்கு மூத்தவரைத் தவிர ஆளில்லை.

புல் மைதானத்தில்தான் பயிற்சி என்றால் பந்து துள்ளும், அளவுகோலை இருபதில் பதினைந்தாக வையுங்கள். டேர்ஃப் எனும் செயற்கைத் தரை கிடைக்கும் நாளில் பதினெட்டைக் கேளுங்கள்.

தெஹிவளை, 19 வயது: பெனல்டி கோர்னர் (எதிரணி கோல் கோட்டிலிருந்து பந்தை உள்ளே விட்டு, கோலுக்கு முன்னாலுள்ள வட்டத்தின் உச்சியிலிருந்து அடிப்பது) தடுக்கும்போது, அடிப்பவரை நோக்கிக் கோல் கோட்டிலிருந்து பாயும் முதல் ஓட்டக்காரனாக என்னை விடுகிறார்கள். பயமாக இருக்கிறது. அண்ணாமாரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தம்பி, பயம் இருப்பது சரி. அந்தப் பந்து 156 முதல் 163 கிராம் வரை நிறையுள்ளது. நல்ல டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையோடு இழுத்து வந்து வீசுவது) மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டும். பயமில்லாதவர் கவசத்தைச் சரியாகக் கட்ட மாட்டார். உங்கள் மூத்தவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், மிச்சம் அவருக்குத்தான்.

மூத்தவருக்கு: இதை நான்கு வாரமாகப் பிரியுங்கள். முதல் வாரம் பந்தே வேண்டாம். கோல் கோட்டிலிருந்து வட்டத்தின் உச்சிக்கு 14.63 மீற்றர். அந்தப் பாதையை முதலில் நீங்கள் ஓடிக் காட்டுங்கள், அவர் பின்னால் ஓடட்டும். உடம்பு பந்தின் பாதைக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், வலப்பக்கம் நிலத்தோடு இருக்கும் மட்டை மட்டும் பாதையின் மேல். ஃபிளிக் அடிப்பவருக்கு மூன்று நான்கு மீற்றர் முன்னால் அடியைச் சிறிதாக்கி, தாழ்ந்து, நிற்கத் தயாராக வேண்டும். நேராகப் பாய்ந்து போகிறவர் போலிப் பாஸ் ஒன்றில் ஏமாந்துவிடுவார்.

இரண்டாம் வாரம் டென்னிஸ் பந்து. மூன்றாம் வாரம் உண்மைப் பந்து, ஆனால் நிலத்தோடு தள்ளுவது மட்டும். நான்காம் வாரத்தில்தான் ஃபிளிக், அதுவும் பாதிக்குச் சற்று மேலான வேகத்தில், ஓட்டக்காரர் மறைக்காத மூலையைக் குறிவைத்து. மூன்றாம் வாரத்திலிருந்து முகக்கவசம், இடது கைக்குத் தடித்த கையுறை, முழங்கால் கவசம், அடிவயிற்றுக் கவசம், பற்கவசம் இல்லாமல் யாரையும் ஓட விடாதீர்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஓட்டம் போதும். அதற்கு மேல் கால் களைத்து உடம்பு பாதைக்குள் விழும், அடி படுவது அப்போதுதான்.

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் மூன்று. அடிக்கும் கணத்தில் முகத்தைத் திருப்புவது முதலாவது: திருப்பினால் கவசம் இல்லாத பக்கவாட்டில்தான் பந்து படும். இரண்டாவது, பந்து உள்ளே விடப்படுமுன் கோட்டைத் தாண்டுவது. தாண்டியவர் நடுக்கோட்டுக்கு அனுப்பப்படுவார், பதிலுக்கு ஆள் வராது, காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர் தடுக்கும் இடத்தில் நான்கு பேரோடு தடுக்க வேண்டும். மூன்றாவது, மட்டையால் ஆட முயலாமல் உடம்பைக் கொடுத்து ஓடுவது. அது வீரம் இல்லை, நடுவர் அதை ஆபத்தான ஆட்டமாகவே பார்ப்பார்.

விதியையும் சொல்லிவையுங்கள். முதல் அடியின்போது 5 மீற்றருக்குள் நிற்பவருக்கு முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் இன்னொரு பெனல்டி கோர்னர். இயல்பான நிலையில் நிற்கும்போது முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அடித்தது ஆபத்தான அடி, ஃப்ரீ ஹிட் தடுக்கும் அணிக்கு. பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினால், முகக்கவசத்தோடு 23 மீற்றர் பகுதிக்கு வெளியே ஆடக்கூடாது.

கோல்காப்பாளரை இந்தப் பயிற்சியிலிருந்து விட்டுவிடாதீர்கள். ஓட்டக்காரர் எந்தப் பக்கத்தை மூடுகிறார், காப்பாளர் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார் என்று இருவரும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

வெள்ளவத்தை, நடுகள வீரர்: எங்கள் அணியில் தமிழ், சிங்களம், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் உண்டு. போட்டியில் மூத்தவர்கள் கத்துவது பாதிப் பேருக்கு விளங்குவதில்லை. விளங்கினாலும் ஏச்சாகத்தான் கேட்கிறது.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. மொழிக்கு: ஆறு சொல்லைத் தெரிவுசெய்யுங்கள். "மேன் ஒன்" (எதிராளி நெருங்குகிறார்), "டைம்" (அவசரமில்லை), "டேர்ன்" (திரும்பு), "பாக்", "லெஃப்ட்", "ரைட்". எல்லோருக்கும் பழகிய சொற்கள், ஓரசை ஈரசைதான். அந்த ஆறையும் ஓய்வுப் பருவத்தில் ஒவ்வொரு பாஸுக்கும் சொல்லவைத்தால் பருவத்தில் தானாக வரும். புதியவர்களும் சொல்ல வேண்டும். வாய் திறக்காத பிள்ளையை நாலுக்கு நாலு ஆட்டத்தில் கடைசித் தடுப்பாளராக விடுங்கள், முன்னால் நிற்பவர்களை அவர்தான் வழிநடத்த வேண்டிவரும்.

ஏச்சுக்கு: பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்துச் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். நடந்து முடிந்ததைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அதை 15 நிமிடக் கால்பகுதி முடிந்த பிறகு, தோளில் கை போட்டு, தனியாகக் கதையுங்கள்.

மட்டக்குளி, இளம் கோல்காப்பாளர்: எங்கள் கழகத்தில் மூத்த காப்பாளர் இல்லை. யாரிடம் பழகுவது?

முன்கள வீரர்களில் மூத்தவரைக் கேளுங்கள். காப்பாளரின் எந்த அசைவு தனக்குக் கோல் தருகிறது என்று அவருக்குத் தெரியும். வட்டத்துக்குள் ஐந்து இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் பத்துப் பந்து அடிக்கட்டும். அடிக்குமுன் அவர் நின்ற இடத்திலிருந்து எந்த மூலை திறந்து தெரிகிறது என்று சொல்லட்டும். கோலின் அகலம் 3.66 மீற்றர். ஓரடி முன்னால் வந்தால் அதில் எவ்வளவு மூடுகிறது என்பது அடிப்பவர் வாயால் கேட்டால்தான் மனதில் பதியும்.

இன்னொன்று: இந்தியாவின் கோல்காப்பாளராக இருந்த ஸ்ரீஜேஷைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலத்தோடு ஓய்வுபெற்றவர் இந்தியாவின் கனிஷ்ட அணிக்குப் பயிற்றுநராகப் போனார். கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று முழு மைதானத்தையும் பார்த்த கண் பயிற்றுவிப்புக்கும் உதவும்.

கொழும்பின் ஈரப்பதனில் கால்கவசமும் கிக்கரும் (பாதக்கவசம்) பையிலேயே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் மின்விசிறிக்கு முன்னால் உலர்த்துங்கள். நேர் வெயிலில் வைத்தால் நுரைப்பகுதி வெடிக்கும்.

பம்பலப்பிட்டி, 36 வயது: பிள்ளைகளோடு ஓடிக் காட்டப் போய்த் தொடைத்தசை பிடித்துவிட்டது. நான் முன்னால் ஓடாவிட்டால் என்னை மதிப்பார்களா?

மதிப்பார்கள். முதலாவதாக வருவதை அவர்கள் எதிர்பார்ப்பதில்லை, கடைசிவரை செய்து முடிப்பதைத்தான் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு 40 மீற்றர் என்றால் உங்களுக்கு 30, எண்ணிக்கை ஒன்றே. வாரத்தில் இரண்டு நாள் தொடைப் பின்தசைக்கு நோர்டிக் பயிற்சி செய்யுங்கள்: முழங்காலில் நின்று, இன்னொருவர் கணுக்காலைப் பிடிக்க, மெதுவாக முன்னால் சாய்வது. ஐந்து ஐந்தாக இரண்டு முறையில் தொடங்குங்கள்.

கடற்கரை மணலில் ஓட்டம் வைக்கிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பத்து நிமிடத்தில் தொடங்கினால் நல்லது. முதல் நாளே அரை மணித்தியாலம் ஓடினால் கெண்டைக்காலும் குதிநாணும் நோகும், டேர்ஃபில் ஒரு வாரம் போய்விடும்.

தண்ணீர் விடயத்தில் மூத்தவர் கண்டிப்பாக இருக்க வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணித்தியாலத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லீற்றர் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் மட்டுமே குடிப்பதைவிட, ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைத் தூளைப் பொதியில் சொன்ன அளவில் கரைத்தோ, செவ்விளநீரோடு உப்புள்ள சாப்பாடோ நல்லது. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைந்தால் உடனே மைதானத்தை விட்டு வெளியேறி, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். பிள்ளைகள் "இன்னும் பத்து நிமிடம்" என்று கெஞ்சுவார்கள். விடக்கூடாது.

கிரான்ட்பாஸ், ஒரு தாய்: மகன் உயர்தரம் படிக்கிறான், சனி ஞாயிறு முழுக்க ரியூஷன். கழகத்து அண்ணாமார் வராவிட்டால் இடமில்லை என்கிறார்களாம்.

அம்மா, அப்படிச் சொல்வது தவறு. வாரத்தில் மைதானத்தில் இரண்டு நாள், வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் மட்டையும் பந்துமாக இருந்தால் பிள்ளை பின்தங்காது. பரீட்சைக்கு முந்திய ஆறு வாரம் மைதானமே வேண்டாம். மூத்தவர் அந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை தொலைபேசியில் நலம் விசாரித்தால் போதும், பிள்ளை திரும்பி வரும். பற்கவசம் மட்டும் வாங்கிக்கொடுங்கள். சுடுதண்ணீரில் மென்மையாக்கிக் கடித்துப் பொருத்தும் வகை போதும்.

வத்தளை, புதிய வீராங்கனை: கழக அக்கா ஒருவர் கார்பன் கூடிய லோ போ (வளைவு கீழே இருக்கும்) மட்டை வாங்கச் சொல்கிறார். வாங்கவா?

இப்போது வேண்டாம், தங்கச்சி. கார்பன் கூடக்கூட மட்டை விறைப்பாகும், பந்து பிடிப்பது கடினமாகும். வளைவு கீழே இருப்பது டிராக் ஃபிளிக்குக்கு நல்லது, நிலத்தோடு நேராக அடிக்கப் பழகுபவருக்குப் பந்து எழும்பும். கார்பன் குறைந்த, நடுவளைவு மட்டை, 36.5 அங்குலம், 530 கிராமுக்கு உட்பட்டது. ஒரு பருவம் போகட்டும்.

கொள்ளுப்பிட்டி, உதவித் தலைவர்: நான் பழக்கும் தம்பி என் இடத்துக்கே வந்துவிடுவான்போல இருக்கிறது. உண்மையைச் சொன்னால், எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க மனம் வருவதில்லை.

இதை வாய்விட்டுக் கேட்டதற்கு நன்றி. ஹொக்கியில் ஆள்மாற்றத்துக்குக் கணக்கில்லை, நின்றவர் வெளியே வந்து மறுபடி உள்ளே போகலாம். ஒரே இடத்துக்கு இரண்டு நல்ல வீரர்கள் இருந்தால் ஏழு எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறி, இருவரும் முழு வேகத்தில் ஆடலாம். கொழும்பு வெயிலில் 60 நிமிடமும் ஒருவரே ஓடுகிற அணி கடைசிக் கால்பகுதியில் கோல் வாங்கும்.

இந்திய முன்கள வீரர் தன்ராஜ் பிள்ளை நான்கு ஒலிம்பிக் ஆடியவர். அவருடைய அண்ணன் ரமேஷும் இந்தியாவுக்கு ஆடியவர்தான். தம்பி மும்பைக்கு வந்து அண்ணனோடு சேர்ந்து, அவர் வழிகாட்டலில் வளர்ந்தார். தம்பி தன்னை மிஞ்சுவான் என்று அண்ணன் கையை மடக்கியிருந்தால் அந்த ஓட்டத்தை நாம் பார்த்திருக்க மாட்டோம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பருவத்துக்கு முந்திய பயிற்சிப் போட்டிகளில் முதல் கால்பகுதியை அவனுக்குக் கொடுங்கள். நீங்கள் பெஞ்சில் பயிற்றுநருக்குப் பக்கத்தில் இருந்து, அவன் வெளியே வரும்போது தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து, பார்த்ததில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பிறகு நீங்கள் உள்ளே போங்கள். உங்களைப் பார்த்து ஒன்றை வந்து சொல்லும்படி அவனிடமும் கேளுங்கள்.