வளைவில் ஆயில் பிரஷர் விழுந்தால்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ட்ராக்கில் நீண்ட வளைவு வரும்போது மட்டும் ஆயில் பிரஷர் முள் சரிகிறது. நேர்ப்பாதைக்கு வந்ததும் ஏறிவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும் தம்பி. அடுத்த சுற்று போகாதீர்கள். 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையில் வண்டி திரும்பினால், சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். ஆயில் ஒரு சுவரில் ஏறி நிற்க, பம்ப்புக்கு ஆயில் உறிஞ்சும் பிக்கப் பைப்பின் வாய் காற்றைக் குடிக்கும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு பேரிங்குகளில் மிதப்பது சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலத்தில். 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7,000 சுற்று) கிராங்க் வினாடிக்கு 116 முறைக்கு மேல் சுற்றுகிறது. பிரஷர் இல்லாத ஒரு வினாடி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். பெரும்பாலும் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்தான் முதலில் போகும்.

வளைவு நீளமாக இருந்தால் இன்னொன்றும் சேர்கிறது. உயர் ஆர்பிஎம்மில் பம்ப் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஏற்றிய ஆயில் பக்கவாட்டு விசையால் அங்கேயே தேங்கும். சம்ப் மெல்ல மெல்லக் காலியாகும். குட்டி வளைவில் தப்பிய இன்ஜின் இங்கே மாட்டிக்கொள்வது இதனால்தான்.

கேள்வி: எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லையே சார்?

பதில்: பல வண்டிகளில் பிரஷர் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்த அலகு) கீழே போனால்தான் அது எரியும். உயர் ஆர்பிஎம்மில் அதற்குள் பேரிங் கெட்டிருக்கும். முதலில் பதிவு செய்யும் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ (இன்னொரு அழுத்த அலகு) பிரஷர் வேண்டும் என்பது பழைய கணக்கு. தோராயமாகப் பார்க்க உதவும்.

கேள்வி: கெட்டியான ஆயில் ஊற்றலாமா?

பதில்: காற்றை உறிஞ்சும் பைப்புக்கு அது உதவாது.

கேள்வி: அரை லிட்டர் கூடுதலாக ஊற்றினால் போதாதா?

இடையில் ஒருவர்: கூடவே கூடாது, கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும்.

இன்னொருவர்: நான் பல வருடமாக ஊற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆயில் மட்டத்துக்கும் கிராங்க்குக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் முடிவு செய்யும். இடம் இருந்தால், கிராங்க்குக்கு அடியில் ஆயிலை அதிலிருந்து பிரித்து வைக்கும் விண்டேஜ் தட்டும் இருந்தால், கொஞ்சம் கூடுதல் ஆயில் தாங்கும். இல்லையென்றால் நுரை வரும். நுரைத்த ஆயில் பேரிங்கைக் காக்காது. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பவரிடம் ஒன்று கேட்கிறேன்: அந்த வருடங்களில் பிரஷர் பதிவு ஒன்றாவது எடுத்தீர்களா? ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே வளைவில் எடுத்துப் பாருங்கள். எப்படியானாலும் இது பிரச்சினையைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பிக்கப்பைச் சுற்றி ஒருவழிக் கதவுள்ள தடுப்புத் தட்டுகள் போடுங்கள். ஆயில் உள்ளே வரும், சுலபத்தில் வெளியேறாது.

கேள்வி: ஆயிலை அழுத்தத்தில் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் மாட்டலாமா?

பதில்: நல்ல காவல். ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் ஆயில், நடுவில் பிஸ்டன். பிரஷர் விழுந்ததும் சேமித்த ஆயிலை இன்ஜினுக்குள் தள்ளும். ஆனால் சில வினாடிகளுக்குத்தான். தடுப்புத் தட்டு இல்லாமல் இதை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: ட்ரை சம்ப் (ஆயிலை இன்ஜினுக்கு அடியில் வைக்காமல் தனித் தொட்டியில் வைக்கும் முறை) அவசியமா?

பதில்: ஸ்லிக் டயரும் (கோடுகள் இல்லாத பந்தய டயர்) டவுன்ஃபோர்ஸும் (காற்று வண்டியைக் கீழே அழுத்தும் விசை) வந்துவிட்டால் அதுதான் சரி. தனி பம்ப் நிலைகள் ஆயிலை உறிஞ்சி உயரமான தொட்டிக்கு அனுப்பும். நடுவழியும் உண்டு: 1998-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5-இன் வி8, பக்கவாட்டு விசையை உணர்ந்து ஆயில் உறிஞ்சும் பக்கத்தை மின்சாரத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வுகளால் மாற்றியது. அழகான வேலை.

கேள்வி: ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றலாமா?

பதில்: அரை லிட்டருக்கு மேலே சொன்ன பதிலைப் படியுங்கள். கேஜ் இல்லாமல் இனி இந்தக் கேள்வி வேண்டாம்.

கேள்வி: மூன்றாவது கியரில் ஊளைச் சத்தம்.

பதில்: கியர்பாக்ஸ் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நேற்று வளைவு முடிந்ததும் அடியில் ‘டக் டக்’ என்று கேட்கிறது. வீடு வரை ஓட்டலாமா?

பதில்: ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்துப் பாருங்கள். மடிப்புகளில் உலோகத் துகள் மின்னினால் சம்ப்பைக் கழற்றுங்கள்.