மகன் ராணுவப் பயிற்சிக்குப் போன பிறகு தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 48, வேலூர் பக்கம் ஒரு கிராமம். ஒரே மகன் அக்னிவீராகத் தேர்வாகி, மூன்று வாரத்துக்கு முன் வெலிங்டனுக்குப் பயிற்சிக்குப் போனான். அன்றிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. விடியற்காலையில் வியர்த்து, நெஞ்சு படபடத்து எழுந்துவிடுகிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அல்பிரசோலம் போட்டால் தூக்கம் வருகிறது, தொடரலாமா? பெருமைப்பட வேண்டிய நேரத்தில் அழுகிறாயே என்று ஊரில் திட்டுகிறார்கள். கணவரோ வாயே திறப்பதில்லை.

பதில்: அம்மா, மகனைப் பற்றிப் பேசும் முன் உங்கள் சர்க்கரையைப் பற்றிப் பேசியாக வேண்டும், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிமிபிரைடு தன் வேலையைச் செய்யும், கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இரவில் வெறும் வயிற்றோடு படுத்தால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் வரும். மனக்கவலையால்தான் என்று நீங்கள் நினைக்கிற அந்தப் படபடப்பில் பாதி இதனாலேயே இருக்கலாம். அடுத்த முறை அப்படி எழுந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி இல்லையென்றால் சோதிக்கக் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நாளைக்கே உங்கள் டாக்டரிடம் போய், சரியாகச் சாப்பிடவில்லை, விடிகாலையில் வியர்க்கிறது என்று சொல்லுங்கள், அளவை அவர் மாற்றுவார். அதுவரை சோறு இறங்காவிட்டால் கஞ்சியோ, இரண்டு இட்லியோ, மோர் சாதமோ, ஏதாவது வயிற்றுக்குப் போன பிறகுதான் கிளிமிபிரைடு.

அந்த அக்காவின் மாத்திரை வேண்டாம். அல்பிரசோலம் தூங்க வைக்கும், சரிதான், ஆனால் சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், அப்புறம் நிறுத்தினால் இப்போது இருப்பதைவிட மோசமாகத் தூக்கம் கெடும். அதோடு, மாத்திரை போட்டு அசந்து தூங்கும்போது சர்க்கரை தாழ்ந்தால் உங்களுக்கே தெரியாமல் போகலாம். எப்போதாவது ஒன்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். தினமும் போட்டு வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி குறையுங்கள்.

இப்போது அழுகைக்கு வருவோம். பதினெட்டு, இருபது வருடம் அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று பார்த்தே ஓடிய மனசு, திடீரென்று பார்க்க ஆள் இல்லாமல் தவிக்கிறது. இது நோயல்ல. பெருமையும் அழுகையும் ஒரே நெஞ்சில் இருக்கலாம், அழுவதால் உங்கள் மகனுக்கு எந்தக் கெடுதலும் வராது, ஊர்க்காரர்களுக்கும் இதையே சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு ராணுவத்துக்கு மகனை அனுப்பிய அம்மாக்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைத் தேடிப் போய், முதல் மாதம் உனக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். என் பேச்சைவிட அந்தப் பேச்சு உதவும்.

போன் வராததுதான் பெரும்பாலான பெற்றோரை வாட்டுகிறது. பயிற்சியின் தொடக்கத்தில் போனுக்குக் கட்டுப்பாடு இருக்கும், விடியும் முன்பே எழுந்து ஓட்டம், உடற்பயிற்சி, அணிவகுப்பு என்று நாள் முழுக்க வேலை வாங்குவார்கள், இரவில் படுத்த உடனே தூங்கிவிடுவான். அதனால் போன் வராவிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அவன் இருப்பது எல்லையில் இல்லை, குன்னூருக்குப் பக்கத்தில், சுமார் 6,000 அடி உயரத்தில். குளிர் இருக்கும், ஆனால் அதற்கான உடுப்பு கொடுப்பார்கள், வெலிங்டனிலேயே ராணுவ மருத்துவமனையும் இருக்கிறது. அவன் பேசும்போது நான் சாப்பிடவே இல்லை என்று அழுதால், அடுத்த நாள் மைதானத்தில் அவன் நினைப்பு உங்கள் மேல்தான் இருக்கும். உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறேன், சாப்பிட்டும் விடுகிறேன் என்று சொல்லுங்கள், அதற்கு முன் நிஜமாகவே சாப்பிட்டுவிடுங்கள். மற்ற நாட்களில் சொல்ல வருவதைக் கடிதமாக எழுதுங்கள்.

உங்கள் கணவரும் உள்ளுக்குள் தவிக்கிறார் என்றே நினைக்கிறேன். பேசு என்று நெருக்காமல் சாயங்காலம் அரை மணி நேரம் சேர்ந்து நடங்கள். வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

இந்த வயதில் மாதவிடாய் நிற்கும் கட்டமும் தூக்கத்தைக் கெடுக்கும், ரத்தசோகையும் தைராய்டும் படபடப்பைக் கொடுக்கும், எல்லாவற்றையும் மகன் பிரிவின் மேல் போட்டுவிடாதீர்கள். சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, ரத்த அழுத்தம், ஒரு ஈசிஜி எல்லாம் பார்த்துவிடுங்கள். நெஞ்சில் வலியோ இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே, தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வயிறும் சர்க்கரையும் சரியான பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். உயிர் வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அந்த நிமிடமே வீட்டாரிடம் சொல்லுங்கள், 14416-க்கும் பேசுங்கள். அது டெலி மானஸ், இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

நாளை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், அந்த அக்கா கொடுத்தது உட்பட, கையோடு எடுத்துப் போங்கள்.